ஓடையின் நலம் அறிய எத்தனை இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும்?

மாணவர்களைக் கொண்டு ஊர் ஓடையில் வாழும் பூச்சிகளை வலையில் பிடித்து எண்ணி, நீர்ப்பிடிப்புப் பகுதி நலமாக உள்ளதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லி, எத்தனை இடங்கள் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கைக்கு முன்பு, அந்த இடங்களை எதை வைத்துத் தேர்வு செய்வது என்பதை முடிவு செய்யுங்கள். வண்டி நிறுத்த வசதியான பாலங்களிலேயே பெரும்பாலோர் மாதிரி எடுக்கிறார்கள். குப்பையும் சாக்கடையும் வந்து சேர்வதும் அங்கேதான் என்பதால், முழு ஓடையின் நிலை அதில் தெரியாது.

சிறுமலையில் பிறந்து பாலமேடு அருகே அணையில் தேங்கும் சாத்தையாற்றில் நாங்கள் நண்பர்கள் சிலர் ஆய்வைத் தொடங்கியபோது, வரைபடத்தில் உள்ள ஓடைகளைச் சிறியவை, பெரியவை என வகுத்து, ஒவ்வொரு வகையிலும் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தோம். மேலே வீடோ தோட்டமோ இல்லாத மலையடிவார ஓடை ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டோம். அங்கே ஒரு கல்லைப் புரட்டினால், வாலில் மூன்று இழைகளும் உடலின் இருபுறமும் ஓயாது அசையும் செவுள்களுமாக, தூய நீரை விரும்பும் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பூச்சிகள் கல்லோடு அப்பிக்கொண்டு நகரும். ஊரைத் தாண்டிய பகுதியில் கல்லுக்கு அடியில் கருஞ்சேறும், ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் பிழைத்துக்கொள்ளும் சிவப்புப் புழுக்களுமே இருந்தன.

ஊரைத் தாண்டிய அதே இடத்தில் நண்பகலில் அளந்த கரைந்த ஆக்சிஜன், மீன்வளத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள லிட்டருக்கு 4 மில்லிகிராம் என்ற அளவுக்கு மேலேயே இருந்தது. பகல் வெயிலில் பாசி வெளியிடும் ஆக்சிஜன்தான் காரணம். இரவில் பாசியும் சேர்ந்தே அதைச் செலவழிப்பதால், விடியுமுன் அளந்தபோது அது வெகுவாகக் குறைந்திருந்தது. ஆகவே இரு வேளையும் அளந்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வெள்ளம் பூச்சிகளை அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளம் வடிந்து சில வாரம் பொறுத்து, ஓட்டம் நிற்பதற்குள், தை மாதவாக்கில் எடுப்பது நல்லது. ஆண்டுதோறும் அதே காலம், அதே வலை, அதே அளவு நேரம் என்று மாறாமல் இருக்க வேண்டும்.

பூச்சிக் கணக்கு வெளிநாட்டு முறை என்று சிலர் மறுக்கக்கூடும். எந்தப் பூச்சிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று பிரிட்டனுக்காக வகுத்த பட்டியலை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். தூய நீரை விரும்பும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சி வகைகள் தென்னிந்தியாவில் இயல்பாகவே குறைவு. அவை இல்லை என்பதாலேயே நீர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. உள்ளூர் ஒப்பீட்டு ஓடை வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதற்காகத்தான்.

ஆனாலும் எங்கள் அறிக்கையை ஓர் அலுவலகத்தில் கொடுத்தபோது, ஆய்வகச் சான்று இல்லாத பூச்சிக் கணக்கு செல்லாது என்று திருப்பித் தந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பாட்டிலில் பிடித்த நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். வாரக்கணக்கில் அந்த நீரிலேயே வளர்ந்த உயிர்களின் சாட்சியத்தை ஏன் தள்ள வேண்டும்?

எண்ணிக்கைக்கு வருகிறேன். ஆண்டுதோறும் தொடர்ந்து செய்ய முடிகிற அளவு இடங்களோடு தொடங்குங்கள். முதலாண்டில் சில இடங்களில் இரட்டை மாதிரி எடுத்து, ஓரிடத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று பாருங்கள். வேறுபாடு மிகுதியாக இருந்தால் அடுத்த ஆண்டு இடங்களைக் கூட்டுங்கள்.