அந்த மூன்று சென்டிமீட்டரை ஷூவில் தேடாதீர்கள்

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது, உயரம் 104 செ.மீ. மகனுக்கு இரண்டரை வயது. முதல்முறையாக இருவரையும் தீம் பார்க்குக்கு அழைத்துச் செல்லப்போகிறோம். மகள் ஆசைப்படும் ரைடுக்கு 107 செ.மீ. வேண்டுமாம். தடித்த அடி வைத்த ஷூ போட்டால் விட்டுவிடுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். இன்னொரு பக்கம், 'எல்லா ரைடும் அடக்கம்' என்று ஓர் ஏஜென்ட் பாதி விலையில் பாஸ் தருகிறார். வாங்கலாமா?

பதில்: ஷூவும் வேண்டாம், அந்தப் பாஸும் வேண்டாம்.

107 என்பது வாய்க்கு வந்த எண் அல்ல. 42 அங்குலத்தைச் சென்டிமீட்டரில் எழுதியிருக்கிறார்கள். இருக்கை எவ்வளவு ஆழம், மடிமேல் இறங்கும் கம்பி எதுவரை இறங்கும், வண்டி என்ன வேகத்தில் திரும்பும் என்பதையெல்லாம் வைத்துப் போட்ட கோடு அது. உச்சியைத் தாண்டி வண்டி இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பப் பார்க்கும். தொடையைக் கம்பி அழுத்திப் பிடித்தால்தான் எழும்பாது. ஷூவின் அடி தலையை மூன்று சென்டிமீட்டர் தூக்கும், தொடையைப் பருமனாக்காது. வாசலில் நிற்கும் ஊழியரை ஏமாற்றிவிடலாம், கம்பியை என்ன செய்வீர்கள்? ரைடுகளைச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். காலுறைக்குள் துணியைத் திணித்து, குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

'பெரியவர் துணையுடன் வந்தால் அனுமதி' என்று சில ரைடுகளில் இன்னொரு, குறைந்த உயரமும் எழுதியிருக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலே குழந்தை பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி இருந்தால், அது உங்கள் தொடையில் முட்டியதும் நின்றுவிடும். மகளின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கும். அனுமதி உண்டு என்றாலும், வேகமாகக் குலுக்கும் ரைடில் அப்படி உட்கார வைக்க எனக்கு மனம் வராது. ஆளுக்கொரு கம்பி இருக்கும் வண்டியைத் தேடுங்கள். சுற்றும் ரைடு என்றால் இன்னொரு விஷயம் உண்டு. வேகம் ஏற ஏற உட்கார்ந்திருப்பவர்கள் வெளிப்பக்கமாகச் சரிவார்கள். குழந்தையை வெளிப்பக்கம் உட்கார வைத்தால், உங்கள் முழு எடையும் அதன்மேல் சாயும். அதனால் குழந்தை உள்பக்கம், நீங்கள் வெளிப்பக்கம். ஊழியர் இடம் மாறி உட்காரச் சொன்னால் வாதாடாதீர்கள். ஏறிய பிறகு மகள் அழுதால், வண்டி கிளம்பும் முன் கையைத் தூக்கி இறக்கிவிடச் சொல்லுங்கள். 'ஒன்றும் ஆகாது, கண்ணை மூடிக்கொள்' என்று சமாதானம் செய்யும் நேரம் அதுவல்ல. பயந்த குழந்தை நடுவழியில் கம்பிக்கு அடியிலிருந்து நழுவி எழப் பார்க்கும்.

இந்த உயரக் கணக்கை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவைத்தால் என்ன குறைந்துவிடும்? எத்தனையோ பூங்காக்களில் வரிசையின் கடைசியில்தான் அளவுகோல் நிற்கிறது. ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்த குழந்தையை அங்கே வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். பல முறை எழுதிச் சொல்லியிருக்கிறேன், பணிவான பதில் வரும், பலகை வராது. ஆகவே, போகும் முன்பே பூங்காவின் இணையதளத்தில் உயரப் பட்டியலைத் தேடிப் பிடித்து, 104-க்கு எவையெல்லாம் கிடைக்கும் என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஏஜென்டின் 'எல்லா ரைடும்' என்ன என்பது விளங்கிவிடும். ஏற முடியாத ரைடுக்கும் சேர்த்தே பணம் கேட்கிறார். மகனுக்கும் ஒரு பாஸ் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். மிகச் சிறு குழந்தைகளைப் பல பூங்காக்கள் கட்டணமின்றியே உள்ளே விடுகின்றன. பாதி விலைப் பாஸில் இன்னொரு வகை, பல நாள் பாஸில் ஒருவர் பயன்படுத்தியது போக மீந்த நாட்கள். விரல் ரேகையையோ புகைப்படத்தையோ ஒப்பிட்டுப் பார்க்கும் வாசலில் அது செல்லாது. குழந்தைகளோடு வாசலில் நிற்கும்போது ஏஜென்டின் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. இது பழைய வியாபாரம்தான். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த நாளிலேயே, அழைக்கப்பட்டவர்களோடு சேர்ந்து, போலி டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோரும் நுழைந்துவிட்டார்கள். பூங்காவின் சொந்தக் கவுன்டர் அல்லது இணையதளம், இரண்டில் ஒன்றில் வாங்குங்கள்.

மகனுக்குக் குழந்தைகள் பகுதியே போதும். இருட்டுச் சுரங்கத்தையும், பெரிய தலை வைத்த பொம்மை வேடக்காரர்களையும் பார்த்து அந்த வயதில் மிரளுவார்கள். தூரத்திலிருந்தே காட்டத் தொடங்குங்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விட்டு, தூக்கம் சொக்கும் வேளையில் கிளம்பிவிடுங்கள். கொடுத்த காசுக்கு மாலைவரை இருந்தே தீர வேண்டும் என்பது பெரியவர்களின் கணக்கு. உங்களுக்கே பெரிய ரைடில் ஏற ஆசை இருந்தால், ஒருவர் குழந்தைகளோடு இருக்க மற்றவர் ஏறிவிட்டு வந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளும் வசதி பல பெரிய பூங்காக்களில் உண்டு. தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர் விளையாட்டு இருந்தால் காற்றடைத்த கைவளையத்தை நம்பி நகராதீர்கள். கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது.

வாசலிலேயே இருவரையும் அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் எண்ணை மகனின் மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டுங்கள், பெயர் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் தெரிந்தவர் என்று நம்பிக் குழந்தை பின்னாலேயே போய்விடும்.