ஊர் அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பராமரிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பள்ளியின் பழைய கட்டடத்தில் ஏர், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலை, நெல் அளக்கும் மரக்கால், நெல் சேமிக்கும் குதிர் என்று ஒரு அறை நிறையச் சேர்ந்துவிட்டது அக்கா. பதிவேட்டை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பொருளைத் துடைப்பதற்கு முன்னால் கொடுத்தவரோடு உட்கார்ந்து பேசுங்கள் தம்பி. யார் வீட்டுப் பொருள், யார் செய்தது, எந்தக் கிணற்றில் ஓடியது, உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர், எப்போது நிறுத்தினார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். கமலை ஓட்டியவர்கள் பலருக்கு இன்று எண்பது வயது. துருவை அடுத்த வருஷம்கூட எடுக்கலாம்.

எண் கொடுக்க எளிய வழி இருக்கிறது. 2024.7.3 என்றால், 2024இல் ஏழாவதாக வந்த கொடையில் மூன்றாவது பொருள். கமலையின் பாகங்களான சால் (நீர் மொள்ளும் பாத்திரம்), தும்பி (அதன் அடியில் உள்ள தோல் குழாய்), வடம், உருளை எல்லாம் ஒரே எண்ணின் கீழ் 3அ, 3ஆ என்று வரட்டும். தனித்தனி எண் போட்டுப் பிரித்துவிட்டால், பத்து வருஷம் கழித்து எந்தச் சாலுக்கு எந்த வடம் என்று சொல்ல ஆள் இருக்காது. பதிவேட்டை அழியாத மையில் எழுதி, ஒரு நகலை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

கேள்வி: அந்த எண்ணைப் பெயின்டில் எழுதலாமா?

பதில்: வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் பாரலாய்ட் பி-72 என்ற நிறமற்ற பிசின் கரைசலை மெல்லியதாகத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் எழுதி, மறுபடி ஒரு பூச்சு கொடுங்கள். பின்னால் எடுக்க வேண்டுமென்றால் அசிட்டோனில் கரைந்துவிடும். துணி என்றால் பருத்தி நாடாவில் எழுதித் தைத்துவிடுங்கள்.

கேள்வி: பித்தளைப் படி கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். 1958இல் மெட்ரிக் முறை வரத் தொடங்கும் முன் புழங்கிய பல படிகளில் முத்திரை குத்தியிருக்கும். சீர்ப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் அதுதான் முதலில் போகும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் மட்டும் தனியே எடுத்து, ஈரம் படாமல் வைத்துவிட்டு, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கேளுங்கள். அங்கே 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது.

கேள்வி: மர உழக்கிலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது. மண்ணெண்ணெய் அடிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: மண்ணெண்ணெய் கறையும் நாற்றமும் தரும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. முதலில் கறுப்புத் தாள்மேல் வைத்துச் சில நாள் பாருங்கள். புதிதாகப் பொடி விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. பாலிதீன் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, டீப் ஃபிரீசரில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே கிடந்தால்தான் ஈரம் பொருள்மேல் படியாது. வண்ணம் பூசிய மரத்துக்கும் உலோகம் பதித்த மரத்துக்கும் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: கிணறு வெட்டும்போது பழைய காசுகள் கிடைத்தன. நாங்களே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தே ஆக வேண்டும்.

கேள்வி: எல்லோரும் அம்மி, உரல் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: என்னென்ன எடுப்போம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். எடுப்பதற்கெல்லாம் கையெழுத்துடன் கொடைக் கடிதம் வாங்குங்கள். "சும்மா வச்சுக்குங்க" என்று தந்த பொருளைப் பேரன் வந்து திருப்பிக் கேட்பான். நல்ல வரலாறு தெரிந்த உரல் ஒன்று பதிவேட்டில் ஏறட்டும். இன்னொன்றைப் பதிவு செய்யாமல் முற்றத்தில் போட்டு, பிள்ளைகளிடம் உலக்கையைக் கொடுத்துக் குத்தச் சொல்லுங்கள்.