வளைவில் வாந்தி எடுக்கும் மகனை ஊட்டிப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருப்பூர். விடுமுறையில் ஒரு நாள் காரில் ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விட்டு அன்றிரவே திரும்ப நினைக்கிறோம். 8 வயது மகன் மலைப்பாதையில் தவறாமல் வாந்தி எடுப்பான். பனிக்காலத்தில் அவ்வப்போது வீசிங்கும் வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறோம். மகளுக்கு 3 வயது. குழந்தைகளை வதைக்க வேண்டாம் என்கிறார் மாமியார். வாந்தி மாத்திரை கொடுத்தால் போதும், அப்படியே தொட்டபெட்டாவும் படகு இல்லமும் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பூங்காவை மட்டும் வைத்துக்கொண்டு, தொட்டபெட்டாவையும் படகு இல்லத்தையும் இந்த முறை விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலும் உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், குன்னூர் வழியில் சுமார் 50 கிலோமீட்டருக்குள் 1,900 மீட்டர் ஏறிவிடுகிறீர்கள். அதே நாளில் இறங்கவும் போகிறீர்கள். குழந்தைகளின் உடலுக்கு அந்த ஏற்ற இறக்கமே போதுமான வேலை. மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்த்தாக வேண்டுமென்றால் வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும். வளைவுகளில் அந்த வேகம்தான் வாந்தியை வரவழைக்கிறது.

பயண வாந்தி என்பது பெரும்பாலும் வயிற்றின் கோளாறு அன்று. வண்டி வளைந்து திரும்புவதை உள்காது உணர்கிறது. முன் இருக்கையின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் அசைவே இல்லை என்கின்றன. முரண்பட்ட இந்த இரண்டு செய்திகளால் மூளை குழம்புவதுதான் குமட்டலாக வெளிப்படுகிறது. 2 வயதுக்குள் இது அரிது. பள்ளி செல்லும் வயதில்தான் அதிகம். வளர வளரப் பலருக்கும் தானே குறைந்துவிடும். ஆகவே, அழாமல் இருக்கட்டும் என்று கையில் கைப்பேசியைக் கொடுத்து வீடியோ பார்க்கவிடுவதைப் போலக் கெடுதலானது வேறில்லை. மகனைப் பின் இருக்கையின் நடுவில், தேவையானால் உயர்த்தும் இருக்கை போட்டு, பெல்ட் அணிவித்து, முன் கண்ணாடி வழியே தொலைவிலுள்ள சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். நன்றாகத் தெரியும் என்பதற்காக எந்தக் குழந்தையையும் முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். காரில் தொங்கும் வாசனைப் பொருளைப் புறப்படுவதற்கு முந்தைய நாளே எடுத்துவிட்டு, மலை ஏறும்போது ஏ.சி.யை நிறுத்திக் கண்ணாடியைச் சற்று இறக்கி விடுங்கள்.

அதிகாலையில் புறப்படும் குடும்பங்களில் வழக்கமாக நடப்பது இதுதான்: குழந்தை வெறும் வயிற்றோடு மலையேறும், அல்லது மேட்டுப்பாளையத்தில் பூரி கிழங்கும் பாலும் சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே கல்லாறு தாண்டி முதல் வளைவில் அத்தனையையும் வெளியே கொண்டுவந்துவிடும். இரண்டும் வேண்டாம். மலையேற்றம் தொடங்குவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பு, வீட்டிலேயே இரண்டு இட்லி போன்ற எளிய உணவைக் கொடுத்துவிட்டு, வழியில் தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பர்லியாறிலும் குன்னூரிலும் இறங்கிச் சற்று நேரம் நடக்கவிடுங்கள். அங்குள்ள குரங்குகளுக்கு எதையும் கொடுக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு வாந்தி வந்தால் வரட்டும். பிளாஸ்டிக் பைகளுக்கு நீலகிரியில் தடை என்பதால், மூடியுள்ள சிறு வாளி ஒன்றைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் கணவர் சொல்லும் மாத்திரை. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கு மருத்துவர்களாகிய நாங்கள் எழுதித்தரும் ஆன்டான்செட்ரான் சிரப் பல வீடுகளில் மீதம் இருக்கும். பயண வாந்தியை அது பெரிதாகத் தடுப்பதில்லை. இதற்குப் பயன்படுபவை புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை. ஏற்றம் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுத்தால்தான் இவை பலன் தரும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். உங்கள் மகனுக்கு வீசிங் இருப்பதால், இவற்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல், எடையைப் பார்த்து அளவைச் சொல்லும்படி உங்கள் குழந்தை மருத்துவரிடமே கேளுங்கள். புரோமெத்தசினை 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு தடைபடும் ஆபத்து உண்டு. உங்கள் மகளுக்கு வாந்தி வரும் வழக்கம் இல்லையென்றால், தூங்கட்டும் என்பதற்காக அவளுக்கும் ஒரு மூடி ஊற்றிவிட வேண்டாம். இந்த மருந்துகள் தூக்கத்தை வரவழைப்பவை ஆதலால், வண்டி ஓட்டுபவர் தமக்கும் ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

வாந்தியைவிட எனக்குக் கவலை தருவது வீசிங்தான். 1848இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்கா தொட்டபெட்டாவின் சரிவில் 55 ஏக்கரில் படிப்படியாக மேலேறிச் செல்கிறது. திருப்பூர் வெயிலிலிருந்து வந்த குழந்தை, 10 டிகிரிக்கும் மேல் குறைந்த குளிர்காற்றில் மேடேறி ஓடும்போது மூச்சுக்குழல் சுருங்கக்கூடும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் இருந்தால் ஒரு நாளும் விடக்கூடாது. இளைப்பு வந்ததும் கொடுக்கும் நிவாரண இன்ஹேலரும், அதோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரும் கார் டிக்கியில் அல்லாமல் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். வந்த வேகத்தில் மேலே ஏறாமல், கீழ்ப்பகுதியின் புல்வெளியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, 2 கோடி ஆண்டுப் பழமையானதாகச் சொல்லப்படும் கல்மரத்தையும் (கல்லாக மாறிய மரம்) மலர்ப் பாத்திகளையும் பார்த்தபடி மெதுவாக நடந்தால் போதும். நிவாரண மருந்து கொடுத்தும் இளைப்பு அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல், விலா இடுக்குகள் உள்ளிழுத்தால் மேலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். உதகையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

குளிர் இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடுகிறோம். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர்களின் வீச்சு சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஸ்வெட்டரோடு விளிம்புள்ள தொப்பியும் தேவை. தாகம் தெரியாது என்பதால் தண்ணீரை நீங்கள்தான் நினைவூட்டிக் கொடுக்க வேண்டும். 3 வயதுக் குழந்தை பூவையும் காயையும் வாயில் வைத்துப் பார்க்கும்; நீலகிரியில் வேலியோரங்களில் மணிபோல் தொங்கும் ஊமத்தை இனப் பூக்கள் நஞ்சுள்ளவை.

2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. அதை முன்பே எடுத்துவிட்டு, வார நாளாகப் பார்த்துப் போங்கள். மாலை மங்குவதற்குள் இறங்கத் தொடங்குங்கள். இறங்கும்போது காதடைப்பினால் சிறுமி அழக்கூடும்; ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் குடிக்கச் செய்தால் திறந்துகொள்ளும். சளி பிடித்திருந்தால் வலி கடுமையாக இருக்கும் என்பதால், அந்த வாரம் இருவரில் ஒருவருக்குச் சளியோ வீசிங்கோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அப்போது உங்கள் மாமியார் சொல்வதே சரி.

பயண வாந்தி வண்டியை விட்டு இறங்கிய சில மணி நேரத்தில் நின்றுவிடும். மறுநாளும் தொடர்ந்தாலோ, காய்ச்சலோ கடும் தலைவலியோ சேர்ந்தாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, மலைப்பாதைதான் காரணம் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.