மொட்டை மாடியிலிருந்து ராமேஸ்வரம்

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: ஐயா, எனக்கு 57 வயது. சர்க்கரை இருப்பதால் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். தெருவில் நாய்த் தொல்லை. மொட்டை மாடியில் சுற்றினால் பத்தே நாளில் சலித்துவிட்டது. மாடியிலேயே நடந்து ராமேஸ்வரம் போய்விட்டதாகச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அது வேடிக்கைக்கா, நிஜமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நிஜம்தான் அம்மா. மாடியில் சுற்றுகிற தூரத்தை ஓர் ஊருக்குப் போகிற தூரமாகக் கணக்கு வைப்பேன். ஆனால் முதலில் நான் கிளம்பியது காசிக்கு. ஆசை பெரிதாக இருந்தது. திருச்சி ஜங்ஷனில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம் தாண்டி, ஒரு வாரமாகியும் வாளாடியைக் கடக்கவில்லை. காசி எங்கே, வாளாடி எங்கே! மறுநாள் மாடிப்படி ஏறவே மனம் வரவில்லை. இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

அப்புறம் அலமாரியில் பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்று கிடைத்தது. அதில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயருக்குப் பக்கத்திலும் கிலோமீட்டர் போட்டிருக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தக் கட்டத்தைப் பார்த்தவன், அதை வைத்து நடக்கலாம் என்று ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்துத்தான் தோன்றியது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வழியாக ராமேஸ்வரம் சுமார் 260 கிலோமீட்டர். அந்த மொத்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டேன். என் கண்ணுக்குத் தெரிய வேண்டியது அடுத்த ஸ்டேஷன் மட்டும். கீரனூர், நார்த்தாமலை, வெள்ளனூர் என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். பாசஞ்சர் வண்டி மாதிரி எல்லா ஊரிலும் நின்று போக வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். எக்ஸ்பிரஸ் புத்தியோடு கிளம்பினால் வாளாடிதான்.

மாடியை டேப் வைத்து அளந்தேன். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, துணிக்கொடிக்குக் குனிந்து, ஒரு சுற்றுக்கு 40 மீட்டர். 25 சுற்று நடந்தால் ஒரு கிலோமீட்டர். கைப்பிடிச் சுவர் மேல் இரண்டு டம்ளர் வைத்து, ஒன்றில் 25 புளியங்கொட்டை போட்டேன். சுற்று முடிய முடிய ஒரு கொட்டை அடுத்த டம்ளருக்குப் போகும். கோயிலில் 108 சுற்றுகிறவர்கள் செய்கிற வேலைதான். டம்ளர் மூன்று முறை காலியானால் அன்றைய 3 கிலோமீட்டர் முடிந்தது. ஒரு டம்ளர் வலச்சுற்று என்றால் அடுத்தது இடச்சுற்று. ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தால் முழங்கால் கோபித்துக்கொள்கிறது.

ஊர் நெருங்கும்போது அந்த ஊரைப் பற்றி ஏதாவது படித்துவிடுவேன். நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரம், திருமயத்தில் கோட்டை, மானாமதுரையில் கடம் செய்கிற மண். காரைக்குடி வந்த அன்று என் மனைவி வெள்ளைப் பணியாரமே சுட்டுவிட்டாள். நீங்கள் அதை மட்டும் பின்பற்ற வேண்டாம்.

பாம்பன் பாலத்தைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும். மண்டபத்தில் இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் காலை ஒரே மூச்சில் 52 சுற்று நடந்தேன். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள், தெரியும். நான் நடந்தது 1914ஆம் வருடத்துப் பழைய பாலத்தில். அதில் ரயிலே ஊர்ந்துதான் போனது, அதனால் நானும் மெதுவாகவே போனேன். கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன சார், இன்றைக்கு ஓரமாகப் போகவே மாட்டேன் என்கிறீர்கள்?” என்றார். பாலத்தில் ஓரத்துக்கு எங்கே போவது?

கேள்வி: தினமும் 10,000 அடி நடந்தால்தான் பலன் என்கிறார்களே? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 1965இல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் ‘மான்போ-கேய்’, பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். அந்தப் பெயரிலிருந்துதான் இந்த எண் உலகம் சுற்றியது. என் 3 கிலோமீட்டர் சுமார் நாலாயிரம் அடி வரும். எவ்வளவு நடக்கலாம் என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள் தம்பி, கைக்கடிகாரத்தைக் கேட்காதீர்கள்.

கேள்வி: இப்படிக் கற்பனையாக நடப்பது பைத்தியக்காரத்தனம் என்று என் மகன் சிரிக்கிறான். வேறு யாராவது செய்திருக்கிறார்களா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: செய்திருக்கிறார்கள். உதாரணம் காட்டத்தான் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் ஆள் ஹிட்லரின் அமைச்சர். போர்க் குற்றங்களுக்காக 20 வருடத் தண்டனை பெற்ற ஆல்பர்ட் ஸ்பியர், பெர்லினில் ஸ்பாண்டாவ் சிறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். 1954இல் பெர்லினிலிருந்து குடும்பம் இருந்த ஹைடெல்பெர்க்குக்கு என்று ஆரம்பித்தார். அது முடிந்ததும் உலகத்தையே சுற்றக் கிளம்பிவிட்டார். 1966இல் வெளியே வரும்போது கணக்கு 31,936 கிலோமீட்டர். மெக்சிகோவில் குவாதலஹாரா தாண்டிப் போயிருந்தார். போகிற ஊர்களைப் பற்றிப் புத்தகம் வரவழைத்துப் படிப்பாராம். சுற்றுகளை எண்ண அவரிடம் இருந்தது அவரைக் கொட்டைகள், ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு. இதைப் படித்த அன்று என் புளியங்கொட்டை டம்ளரைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அந்த ஆள் செய்த பாவத்தில் கொட்டைக்குப் பங்கில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கேள்வி: கடைக்குப் போவது, வீட்டுக்குள் நடப்பதை எல்லாம் கணக்கில் சேர்க்கலாமா? நடுவில் நாலு நாள் நடக்க முடியாவிட்டால்? – ஒரு வாசகி, மதுரை

பதில்: நான் சேர்ப்பதில்லை. பால் வாங்கப் போவது பாலுக்காக. சேர்க்க ஆரம்பித்தால் குளியலறைக்குப் போனதையும் மனம் சேர்க்கச் சொல்லும். நடக்க முடியாத நாளில் சிக்னல் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் நான் பன்னிரண்டு நாள் கல்லல் ஸ்டேஷனில் கிடந்தேன். எழுந்த பிறகு கல்லலிலிருந்தேதான் கிளம்பினேன். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் 10 கிலோமீட்டர் நடக்க வேண்டாம் அம்மா. ரயிலையே அப்படி ஓட்ட விடமாட்டோம்.

கேள்வி: ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்தீர்கள் ஐயா? – ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: மூன்று நாள் சும்மா இருந்தேன், கால் கேட்கவில்லை. சரி, தனுஷ்கோடி போகலாம் என்று முடிவு செய்தேன். 1964 டிசம்பர் புயலில் வண்டியோடு அடித்துக்கொண்டு போன பாதை அது. அந்தத் தண்டவாளம் பாம்பனில்தான் பிரிந்தது, அதனால் ராமேஸ்வரத்திலிருந்து பாம்பனுக்குத் திரும்பி நடந்து அங்கிருந்து போனேன். ரோட்டில் நேராகப் போயிருக்கலாமே என்றாள் மனைவி. ரயில்வேக்காரனிடம் பேசுகிற பேச்சா இது? கடைசி நாள் புளியங்கொட்டையை மாற்றும்போது வேகமாக நடக்க மனம் வரவில்லை.

அங்கிருந்து அந்தக் காலத்து போட் மெயில் ரயில் பயணிகள் கப்பலேறி இலங்கையின் தலைமன்னார் போன மாதிரி நானும் ஏறிவிட்டேன். கடல்மேல் நடக்க முடியாது. கப்பலின் மேல்தளத்தில் சுற்றி வரலாம் அல்லவா? சுமார் 30 கிலோமீட்டர். நேற்று வரை 22 ஆயிற்று. பாஸ்போர்ட் எங்கே என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் மனைவி.