விஷயம் தெரிந்த மாட்டுக்காரரை எதை வைத்து அடையாளம் காண்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "புதிதாகக் கறவை மாடு வாங்கியிருக்கிறேன். ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். உண்மையிலேயே அனுபவம் உள்ளவர் யார், பேச்சில் மட்டும் கெட்டிக்காரர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

உங்கள் மாடு தீனி எடுக்கவில்லை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் மருந்து சொல்பவரை விட்டுவிட்டு, பதிலுக்கு உங்களிடம் நாலு கேள்வி கேட்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் இதை நான் கற்றுக்கொள்வதற்கு ஒரு பசு சாவின் விளிம்புவரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது என்பதால், நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் 11 ஆண்டுகளாக மாடு வளர்க்கிறேன். அதற்கு முன்பு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கட்டுத்தரையில் ஐந்து கலப்பினப் பசுக்களும் இரண்டு காங்கயம் பசுக்களும் நிற்கின்றன. எங்கள் தோட்டத்தை ஒட்டிய தோட்டத்துக்காரர் 70 வயதைக் கடந்தவர்; உறவுமுறை இல்லாவிட்டாலும் நான் அவரை அப்பாரு என்றுதான் அழைப்பேன். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே கொறங்காட்டில் காங்கயம் மாடுகளை வளர்த்து வந்த குடும்பம் அது. கொறங்காடு என்பது, சுற்றிலும் கிளுவை வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளரவிட்டுப் பாதுகாக்கும் எங்கள் பகுதி மானாவாரி மேய்ச்சல் நிலம். அதில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும், தாமாக வந்து யாருக்கும் யோசனை சொன்னதை நான் பார்த்ததில்லை.

நான் மாடு வாங்கிய இரண்டாம் ஆண்டில், என்னுடைய நல்ல கறவைப் பசு ஒன்று நான்காவது ஈத்தாகக் கன்று போட்டது. கன்று போட்ட மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது அது படுத்தபடியே கிடந்தது. தட்டினேன், தூக்கிப் பார்த்தேன், எழவில்லை. கழுத்தை ஒரு பக்கமாக மடித்துத் தலையை விலாவின் மேல் சாய்த்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் கிடந்தது. அந்த நேரத்தில் பால் எடுக்க வந்தவர்களில் ஒருவர் ஈத்துக் களைப்பு என்றார். இன்னொருவர் வாயு என்றார். மூன்றாமவர் வெல்லமும் நல்லெண்ணெயும் கலந்து புகட்டச் சொன்னார். மூன்று பேருமே சந்தேகமே இல்லாத குரலில் சொன்னார்கள். நான் வெல்லக் கரைசலை மூங்கில் குழாயில் ஊற்றிக்கொண்டு மாட்டின் வாயைத் திறக்கப் போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பாரு, "அம்மணி, அதக் கீழ வைய்யி" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் உடனே எதுவும் சொல்லவில்லை. மாட்டின் காதை அடியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். மூக்கு நுனியைத் தொட்டார். இடது வயிற்றில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு கேள்விகள் வந்தன: எத்தனையாவது ஈத்து, கன்று போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, நஞ்சுக்கொடி விழுந்ததா, நேற்றுச் சீம்பால் முழுவதையும் ஒட்டக் கறந்தாயா, சாணி போட்டதா. காதும் மூக்கும் சில்லிட்டிருந்தன. "பால் காய்ச்சலாட்டத்தான் தெரியுது. ஆனா நான் சொல்றது சரின்னு வெச்சுக்காத, டாக்டர வரச் சொல்லு. அதுவரைக்கும் வாயில ஒண்ணும் ஊத்தாத. முழுங்கத் தெம்பில்லாத மாடு, ஊத்துனா நெஞ்சுக்குப் போயிரும்" என்றார். மருத்துவர் வரும்வரை வைக்கோல் அடைத்த சாக்குகளை இரண்டு பக்கமும் அணைகொடுத்து, மாடு பக்கவாட்டில் சாய்ந்து வயிறு உப்பிவிடாதபடி நெஞ்சின்மேல் நிமிர்ந்து படுக்கும்படி செய்தார்.

பெயரில் காய்ச்சல் இருந்தாலும் இந்த நோயில் உடம்பு சுடாது. பெரும்பாலும் சில்லிட்டுப் போகும். மூன்றாவது ஈத்துக்கு மேற்பட்ட, அதிகமாகப் பால் கறக்கும் பசுக்களுக்குக் கன்று போட்டு மூன்று நாட்களுக்குள்தான் இது பெரும்பாலும் வரும். சீம்பாலுக்காக உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரென்று மடிக்கு இறங்கிவிட, இரத்தத்தில் அதன் அளவு குறைந்து தசைகள் வேலை செய்ய மறுக்கின்றன. விழுங்குவதும் தசையின் வேலைதான் என்பதால், அந்த நிலையில் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குப் போய் மாட்டைக் கொன்றுவிடக்கூடும். மருத்துவர் வந்து, இதயத்தின் மேல் ஒரு கையால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே, கழுத்து இரத்தக் குழாயில் கால்சியம் மருந்தை மிக மெதுவாக இறக்கினார்; வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும் என்றார். பாதி பாட்டில் இறங்கும்போதே மாட்டின் தோல் சிலிர்த்து நடுங்கியது. ஏப்பம் விட்டது, சாணி போட்டது. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று கன்றைத் தேடியது.

அப்பாருவிடம் நன்றி சொன்னபோது அவர் சொன்னது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய கட்டுத்தரையில் இதே நிலையில் கிடந்த ஒரு பசுவுக்கு அவரே தம் கையால் எண்ணெய் புகட்டியிருக்கிறார். அது இருமி இருமி இரண்டாம் நாள் செத்துப் போயிற்று. "அது எங்கிட்டக் கத்துக் குடுத்துட்டுப் போச்சு" என்றார். அந்தப் பசுவின் நிறத்தையும் கொம்பின் வளைவையும் அது எத்தனையாவது ஈத்து என்பதையும் அவர் இன்றும் சொல்லுகிறார். மாட்டுக்காரர்களில் நான் மதிக்கும் எல்லோரிடமும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. பிழைத்த மாடுகளைவிடத் தம் பிழையால் போன மாடுகளைத்தான் அவர்கள் துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பணிவு இந்தக் கணக்கிலிருந்து வருவது என்றுதான் நான் நினைக்கிறேன். பிறருக்கு மரியாதை காட்டுவதற்காகத் தழைந்து பேசுவது வேறு. நான் சொல்வது அதுவல்ல.

தீனி எடுக்காமை என்ற ஒரே அறிகுறியை எடுத்துக்கொள்ளுங்கள். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை அள்ளி வைத்திருந்தால் வயிறு புளித்து அமிலமாகியிருக்கும்; பொங்கலை ஒட்டிய நாட்களில் இதனால் மாடுகள் சாவது எங்கள் பக்கம் புதிதல்ல. தீவனத்தோடு கம்பித் துண்டை விழுங்கியிருந்தால், அது இரண்டாவது வயிற்றில் குத்தி, அங்கிருந்து இதயத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கலாம். மடிநோயாக இருக்கலாம், கோமாரியின் தொடக்கமாக இருக்கலாம், வெறுமனே பூசணம் பிடித்த சோளத்தட்டை மாடு வெறுப்பதாகவும் இருக்கலாம். இவற்றுள் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது என்பது மட்டுமல்ல, சில வேளைகளில் கெடுதலாகவும் முடியும். இதையெல்லாம் ஒருமுறையாவது கண்ணால் பார்த்தவர், என்ன வைத்தாய், எப்போது வைத்தாய், அசை போடுகிறதா என்று கேட்காமல் வாயைத் திறக்க மாட்டார்.

அதற்காக, விஷயம் தெரிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் மழுப்பலாகப் பதில் சொல்வார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தெரிந்த இடத்தில் அவர்கள் பாறை மாதிரி நிற்பார்கள். ஒரு வறட்சி ஆண்டில் எங்கள் சோளப் பயிர் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. எப்படியும் கருகப் போகிற பயிரை மாடாவது தின்னட்டும் என்று அவிழ்த்துவிடப் போனேன். அப்பாரு வரப்பில் குறுக்கே நின்றுகொண்டு, ஒரு வாய்கூடக் கடிக்க விடக்கூடாது என்று சத்தம் போட்டார். நான் அவரை அப்படிக் கோபமாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இளம் சோளத்திலும், வெட்டிய பிறகு துளிர்க்கும் மறுதாம்புச் சோளத்திலும், அதிலும் வாட்டம் கண்ட பயிரில் மிகுதியாகவும், சயனைடு நஞ்சு இருக்கிறது. வயிறாரத் தின்ற மாடு மருத்துவரைக் கூப்பிடும் நேரத்துக்குள் விழுந்துவிடும். பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போட்டால் அதே சோளத்தட்டு அருமையான தீவனம். இதில் அவருக்கு இரண்டாம் யோசனை கிடையாது. ஒரே மனிதரிடம் இந்த உறுதியும், "தெரியலீங்க, டாக்டர்கிட்டக் கேளுங்க" என்ற சொல்லும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சந்தையிலும் இதைக் காணலாம். பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்வது நம் ஊரில் பழைய கலை. பால் பற்கள் விழுந்து இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று முளைத்துக்கொண்டே வரும்வரை வயதைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடலாம். எட்டுப் பல்லும் சேர்ந்த பிறகு (இதைத்தான் கடை சேர்வது என்பார்கள்) தேய்மானத்தை வைத்து அனுமானிக்கத்தான் முடியும். கல்லும் மண்ணும் கலந்த மேய்ச்சலில் நின்ற மாட்டின் பல் சீக்கிரம் தேய்ந்துவிடும். தரகர் அப்போதும் "ஏழு வயசுங்க, எழுதி வெச்சுக்குங்க" என்பார். அப்பாரு, "கடை சேந்துருச்சு, அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது" என்பார். பணம் கொடுத்து வாங்கப் போகிறவருக்கு இந்த இரண்டாவது பதில்தான் பயன்படும்.

என்னை மிகவும் அசைத்த சம்பவம் சீம்பாலைப் பற்றியது. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குப் பால் ஊட்டக்கூடாது என்பது எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அப்பாருவும் அதைத்தான் கடைப்பிடித்து வந்தார். ஊர்ப் பால் சங்கத்தில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில், பயிற்சி கொடுக்க வந்த இளம் மருத்துவர் அது தவறு என்று விளக்கினார். கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் அநேகமாக எதுவும் இருப்பதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக அது கடந்து வராது. முழுவதும் சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். கன்றின் குடல் அதை முழுதாக உறிஞ்சிக்கொள்ளும் திறன் நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிக்கொண்டுவிடும். கன்று ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்வதால், நஞ்சுக்கொடி விழுவதற்கும் அதுவே துணை செய்யும். ஆகவே பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும் என்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து செய்கிறோம், எத்தனை கன்று செத்துவிட்டது என்று ஒருவர் குரலை உயர்த்தினார். அப்பாரு அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்து, தமக்குப் பேரன் வயதுள்ள அந்த மருத்துவரைப் பார்த்து, "ஏனுங்க, அப்ப கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் எடுத்து ஒரு மாசத்துக்குள்ள போயிருதே, அதுக்கு இதுதான் காரணமாக இருக்குமுங்களா?" என்று கேட்டார். அதுவும் ஒரு பெரிய காரணம் என்று மருத்துவர் சொன்னார். அப்பாரு சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "நான் முப்பது நாப்பது வருசமாத் தப்பாத்தான் செஞ்சிருக்கறன். நீங்களாவது மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட வழக்கத்தை மாற்றியிருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மருத்துவர் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது அப்பாருவின் வாய்வழியாகத்தான்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயதும் அமைதியும் மட்டும் அறிவுக்கு அடையாளம் ஆகிவிடாது. கேள்வி கேட்காமல் மௌனமாகத் தலையாட்டிவிட்டுப் போகும் பெரியவர்களும் உண்டு. பிழை எது என்று காட்டிய பிறகும் தம் வழக்கத்தையே பிடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. படித்து வந்த இளைஞர்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணம் உள்ளவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஆளைப் பார்க்காமல், மாட்டின் பக்கத்தில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பாருங்கள். முன்னால் நேராக வந்து கொம்பைப் பிடிக்கிறாரா, பக்கவாட்டில் வந்து குரல் கொடுத்துத் தொடுகிறாரா? சாணியைக் குனிந்து பார்க்கிறாரா? தீவனத் தொட்டியில் மிஞ்சியதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிறாரா?

சென்ற மாதம் சங்கத்திலிருந்து மடிநோய்ப் பரிசோதனைக்கு வந்தார்கள். நான்கு கிண்ணங்கள் உள்ள தட்டில், ஒரு கிண்ணத்துக்கு ஒரு காம்பு என்று பாலைக் கறந்து, அதே அளவு மருந்து நீரை ஊற்றிச் சுழற்றுவார்கள். மடி வீங்காமல் நோய் உள்ளே மட்டும் இருந்தால் அந்தக் காம்பின் பால் கோழைபோல் திரண்டுகொள்ளும். அப்பாருவின் பசு ஒன்றுக்குப் பின்பக்க இடது காம்பின் பால் திரண்டது. காலையில்தான் அந்த மடியைத் தம் கையால் கறந்திருந்தார். எந்த வேறுபாடும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, இந்தத் தட்டு எங்க கிடைக்கும்னு கேட்டு எழுதி வெய்யி, நமக்கும் ஒண்ணு வாங்கிப் போடலாம்" என்றார்.