மூன்று லோன், ஒரு பெர்மிட்: எதை முதலில் தீர்ப்பது?

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறேன். வயது 46. கணவர் 2009 இல் காணாமற்போனார். மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. இப்போது மூன்று கம்பனிகளில் நுண்கடன் இருக்கிறது. லோன்காரர் வரும் நாளில் அடுத்த வளவுக்குள் போய் இருக்கிறேன். இன்னொரு கம்பனி, பெரிய லோன் தந்து மூன்றையும் முடித்துவிடலாம் என்கிறது. அதற்குக் காணிப் பெர்மிட்டைக் கேட்கிறார்கள். பெர்மிட் கணவரின் பெயரில் இருக்கிறது. கொடுக்கலாமா? சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் எங்களால் ஏன் எழும்ப முடியவில்லை?

பதில்: பெர்மிட்டைக் கொடுக்காதீர்கள், தங்கச்சி. அந்த லோனும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விதான் முதலில் பேசவேண்டியது. ஏனென்றால் கிராமிய வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நான் இருந்த காலத்தில், இந்தக் கடனைத் தங்கள் கெட்டித்தனக் குறைவு என்றே நினைத்துக் குனிந்த தலையோடு வந்த பெண்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

வன்னியில் இடம்பெயர்ந்தவர்களிடம் கேட்டால், சொத்துப் போன வரிசையை ஒழுங்காகச் சொல்வார்கள். முதலில் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். அப்புறம் நெல் மூட்டைகள். கூரைத் தகரத்தைக் கழற்றி லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போன இடமெல்லாம் அதே தகரத்தில் கொட்டில் போட்டார்கள். ஒரு கட்டத்தில் லான்ட்மாஸ்டரும் தகரமும் வீதியோரத்தில் நின்றுவிட்டன. முள்ளிவாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியது காதிலும் கழுத்திலும் கிடந்ததுதான். அதையும் அரிசிக்கும் பால்மாவுக்கும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

விவசாயக் குடும்பத்தின் சேமிப்பு வங்கிப் புத்தகத்தில் இருப்பதில்லை. மாட்டில், நெல்லில், நகையில் இருக்கும். மழை பொய்த்தால் மாட்டை விற்று அந்தப் போகத்தைத் தாண்டுவார்கள். பிள்ளைக்கு வருத்தம் வந்தால் சங்கிலி அடகுக்குப் போகும், அறுவடைக்குப் பிறகு திரும்பி வரும். இது எல்லாம் சில மாதங்களுக்குள் அற்றுப்போன நிலையில்தான் நீங்கள் மெனிக் பாம் முகாமில் இருந்து ஊருக்கு வந்தீர்கள்.

பிறகு வீட்டுத்திட்டம். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டக் கட்டத் தவணையாக. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வீடு கட்டினால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் என்ன விலைக்குப் போகும்? மிச்சத்துக்குப் பலர் கடன்பட்டார்கள். ஏ9 வீதி வழியாக லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அதே வீதியால் தெற்கிலிருந்து மலிவுச் சாமான்களும் வந்தன. இங்கே கூலி கொடுத்த இடங்களோ இல்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் யுத்தத்தோடு மூடியவை. கடன் கொடுக்க ஆள் வந்தது, சம்பளம் கொடுக்க ஆள் வரவில்லை.

இன்னொரு இழப்பு கணக்கில் வராது. முன்பு ஐயாயிரம் தேவையென்றால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கலாம், சீட்டுப் பிடிக்கலாம். அது ஆளை ஆள் தெரிந்த ஊர். மீள்குடியேற்றத்தில் நாலு ஊர்ச் சனம் ஒரு ஊருக்குள் வந்தது, எல்லோர் கையும் வெறுங்கை. அந்த இடத்துக்குத்தான் குழுக்கடன் வந்தது. ஆளுக்கு ஆள் பிணை என்று பெயர். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை மாமரத்தடியில் மணிக்கணக்காக இருத்தி வைத்தார்கள். இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அங்கே கெட்டுப்போனது.

வரட்சிக்குப் பிறகு, 2018 இல், பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ததும், வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு அறிவித்ததும் நினைவிருக்கும். விடயம் ஒரு சிலரின் ஊதாரித்தனம் இல்லை என்று அப்போதே ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

சரி, இப்போது உங்கள் கொப்பியை எடுங்கள். 50,000 ரூபாய் லோனுக்குக் கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை கட்டுவதாக வைப்போம். மொத்தம் 65,000. "வட்டி 30 சதவீதம்தான்" என்பார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே வாங்கிய தொகையையும் திருப்பிக் கட்டுகிறீர்கள். ஆறாம் மாதத்தில் உங்கள் கையில் அவர்களுடைய காசு ஏறத்தாழப் பாதிதான், வட்டி மட்டும் முழுத்தொகைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 50 சதவீதத்தைத் தாண்டும். ஒவ்வொரு லோனுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். வாங்கிய தொகை, கிழமைத் தவணை, மிச்சக் கிழமை. கம்பனியிடம் ஒப்பந்தப் பிரதியும் மீதி விபரமும் எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எந்தக் கடனில் வட்டி அதிகமோ அதை முதலில் ஒடுக்குங்கள். மற்ற இரண்டுக்கும் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்காதீர்கள், குழுவில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டுக் கடிதமாகக் கொடுங்கள், பிரதியைப் பிரதேச செயலகத்திலும் ஒப்படையுங்கள். அடுத்த வளவுக்குள் ஒளிப்பதை நிறுத்துங்கள். ஒளிக்கிற நாட்களுக்கும் சேர்த்துத்தான் தண்டப்பணம் ஏறுகிறது. வீட்டில் தோடு, மோதிரம் ஏதும் இருந்தால் அரச வங்கியில் அடகு வைத்து அதிக வட்டிக் கடனை முடிப்பது, புது லோனைவிட மேல். உங்கள் பகுதியில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்கினால் அங்கத்தவராகுங்கள். மெதுவாகத்தான் கடன் கிடைக்கும், ஆனால் வருட முடிவுக் கூட்டத்தில் கணக்குக் கேட்கலாம்.

இனிப் பெர்மிட். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியைத் தனியார் கம்பனிக்கு ஈடு வைக்க முடியாது. அது அவர்களுக்கும் தெரியும். பிறகு ஏன் கேட்கிறார்கள்? காகிதம் அவர்கள் லாச்சிக்குள் இருந்தால் நீங்கள் பயந்து கட்டுவீர்கள், அதற்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய் அலுவலகப் பிரதியில் கணவர் யாரையாவது பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணி சேரவேண்டியவராக, பதிந்தாரா என்று பார்ப்பது. உங்களிடம் உள்ள பெர்மிட் தண்ணீரில் ஊறி எழுத்து அழிந்திருந்தாலும் அங்கே பதிவு இருக்கலாம். முன்பு பின்னுரித்தாளர் பெயரில்லாவிட்டால் மகளுக்கு முன் மகன் என்றுதான் பட்டியல் போகும். 2022 இல் வந்த திருத்தம் அந்த ஆண் பெண் பாகுபாட்டை எடுத்துவிட்டது. மகளுக்குத் தெரியட்டும்.

அங்கே போனதும் "மரணச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இந்த இடத்தில் பல பெண்கள் எழுந்து வந்துவிடுகிறார்கள். வராத மனுசனைச் செத்துப்போனார் என்று எப்படி எழுதிக் கொடுப்பது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரின் கேள்வியும் அதுதான். இதற்காகவே 2016 இல் சட்டத்தைத் திருத்தி, ஆள் இறந்ததாகச் சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். பதிவாளர் நாயகம் திணைக்களம் வழங்குகிறது. அதை எடுப்பதால் கணவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும் அவருடைய சொத்தைப் பராமரிக்கவும் அது உதவும். காணியைப் பெயர் மாற்றுவதற்கு அது மட்டும் போதுமா என்பதைச் சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றி உதவுகிறார்கள்.

எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எடுக்க மனமில்லையென்றால் அதை யாரும் பிழை சொல்லக்கூடாது. கடன் கணக்கை அது இல்லாமலும் தொடங்கலாம்.

போகும்போது பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு முன் சாட்சி சொல்லியிருந்தால் அந்தக் கடிதம், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் கடிதம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். எல்லாவற்றிலும் மூன்று போட்டோப் பிரதி எடுங்கள். மூலப்பிரதியை மட்டும் எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.