அகலப் பாதம் இருக்கட்டும், காலைத் தாங்குகிறானே?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. இரண்டு பாதமும் அகலம், மேலே உப்பலாக இருக்கும். எந்த ஷூவும் நுழைவதில்லை. நுழைந்தாலும் பட்டை ஒட்டுவதில்லை. இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினேன், தடுக்கி விழுகிறான். கழற்றினால் சிவப்பாகத் தடம். உள்ளங்காலில் வளைவே இல்லை. தட்டைப் பாதத்தை இப்போதே சரிசெய்யாவிட்டால் முதுகெலும்பு வரை பாதிக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, வளைவைத் தாங்கும் இன்சோல் வாங்கி வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் மடங்கியிருக்கிறது. காலில் வியர்வை, நாற்றம் வேறு. ஷூ பெரிதாக இருப்பதால் ஒரு வாரமாக இடது காலைக் கொஞ்சம் தாங்கி நடக்கிறான். வலி சிரப் கொடுத்தால் சரியாகிவிடுகிறது. சிறப்பு ஷூ ஏதாவது தேவையா?

பதில்: சிறப்பு ஷூ தேவையில்லை. அந்த இடது காலை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் தேவை. நீங்கள் எழுதியதில் மற்றதெல்லாம் சாதாரணம். நீங்களே ஒரு காரணம் சொல்லி ஒதுக்கிவிட்ட விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஒரு வாரமாக, ஒரு காலை மட்டும் தாங்குகிறான்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றி, டயப்பரோடு மட்டும் வழுக்காத தரையில் அவனை நடக்க விடுங்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து கூப்பிடுங்கள். வீட்டில் இன்னொருவர் பின்னாலிருந்து போனில் வீடியோ எடுக்கட்டும். (மருத்துவரின் அறைக்குள் வந்ததும் பல குழந்தைகள் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டார்கள். அப்போது இந்த வீடியோதான் உதவும்.) வெறுங்காலில் ஒழுங்காக நடந்து, ஷூ போட்டால் மட்டும் தாங்கினால் ஷூதான் காரணம். உள்ளே கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். பிரிந்த தையலோ, சுருண்ட உள்துணியோ, ஒரு பொடிக்கல்லோ அகப்படலாம். உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், முள்ளோ கொப்புளமோ இருக்கிறதா என்று. வெறுங்காலிலும் தாங்கினால், ஷூவைக் குறை சொல்வதை அத்தோடு விட்டுவிட்டு ஓரிரு நாளுக்குள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

இந்த வயதில் இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று எங்கே வலித்தாலும் குழந்தை காட்டுவது ஒரே விதமாகத்தான். காலை ஊன்ற மாட்டான், அல்லது ஊன்றிச் சட்டென்று எடுத்துவிடுவான். நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்குக் கீழ்க்கால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது உண்டு. அதற்குப் பெரிய விபத்து தேவையில்லை. தடுக்கி விழும்போது கால் லேசாக முறுக்கிக்கொண்டாலே போதும். விழுந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், வீக்கமும் தெரியாது. முதல் எக்ஸ்ரேயில்கூடச் சில சமயம் ஒன்றும் இருக்காது; ஏழெட்டு நாள், பத்து நாள் கழித்து எடுக்கும் படத்தில்தான் எலும்பு கூடிவருவது தெரியும். இரண்டு சைஸ் பெரிய ஷூவில் தடுக்கித் தடுக்கி விழுகிற பையன் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். பயப்பட வேண்டாம், நன்றாகக் கூடிவிடும். ஆனால் அப்படி இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் அதிகம் தாங்கி, விளையாடத் தொடங்கியதும் குறைகிறதா என்பதையும் கவனியுங்கள். மூட்டு அழற்சி பெரியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. குழந்தைகள் வலி என்று அழக்கூட மாட்டார்கள். ஒரு முழங்காலோ கணுக்காலோ மற்றதைவிடச் சற்றுப் பருத்து, தொட்டால் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். இந்த நோய் சத்தமில்லாமல் கண்ணையும் பாதிக்கக்கூடியது. அதனால்தான் வாரக்கணக்கில் நீடிக்கும் தாங்கலை நாங்கள் சும்மா விடுவதில்லை. மருத்துவர் இடுப்பையும் அசைத்துப் பார்ப்பார். காலைக் காட்ட வந்தால் இடுப்பை ஏன் பார்க்கிறார் என்று யோசிக்காதீர்கள். இடுப்பில் கோளாறு இருந்தாலும் குழந்தை இப்படித்தான் நடக்கும்.

காய்ச்சலும் சேர்ந்து வந்தால், காலை ஊன்றவே மறுத்தால், அல்லது டயப்பர் மாற்றக் காலை விரிக்கும்போது அலறினால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்று என்றால் தாமதிக்கத் தாமதிக்கக் குருத்தெலும்பு கெடும். இரவில் வலியால் விழிப்பது, முகம் வெளிறுவது, அடிபடாத இடத்தில் கன்றிய தடங்கள் தோன்றுவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த சிரப்பை என்ன சொல்வது! கொடுத்தால் சரியாகிவிடுகிறது என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். சிரப் வலியைத்தான் மறைக்கிறது. எலும்பில் விரிசல் இருந்தால் அது அப்படியே இருக்கும், அதன்மேல் அவன் ஓடுவான். வருகிற காய்ச்சலையும் அது மறைத்துவிடும். ஒரு வாரமாக யாரையும் கேட்காமல் கொடுப்பதை நிறுத்துங்கள். குழந்தையின் எடையைப் பார்த்துக் கணக்கிட வேண்டிய மருந்து அது, மூடியில் குத்துமதிப்பாக ஊற்றுவதற்கில்லை. மருத்துவரிடம் போகும்போது என்ன மருந்து, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பலர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு 'ஏதோ வலிக்குக் கொடுக்கிற சிரப்' என்பார்கள். பாட்டிலையே எடுத்துப் போங்கள்.

சரி, தட்டைப் பாதம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று தெரிகிறது. ஒன்றே முக்கால் வயதில் உள்ளங்கால் தட்டையாகத்தான் இருக்கும். வளைவு வர வேண்டிய இடத்தில் கொழுப்பு மெத்தை இருக்கிறது. அந்த வளைவுக்கு நடுக்கல் மாதிரி இருக்கும் படகெலும்பு இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்புதான். அது கெட்டிப்படத் தொடங்கவே ஏறக்குறைய மூன்று வயதாகும். வளைவு மெல்ல மெல்லத்தான் உருவாகும், பல குழந்தைகளுக்கு ஆறு வயது, சிலருக்கு அதற்கும் மேல். உண்மையைச் சொன்னால், இந்த வயதில் உள்ளங்கால் நன்றாகக் குழிந்திருந்தால்தான் நான் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பேன். எட்டாத உயரத்தில் ஒரு பொம்மையைக் காட்டுங்கள். எக்கி நுனிக்காலில் நிற்கும்போது லேசாக வளைவு எழுந்தால் அந்தப் பாதத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கால் குணமான பிறகு இதைச் செய்யுங்கள், இப்போது வேண்டாம். தட்டைப் பாதம் முதுகெலும்பைத் தின்றுவிடும் என்பதெல்லாம் இன்சோல் விற்பவர்கள் சொல்கிற கதை.

1989-இல் எலும்பு மருத்துவர் வெங்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வளைந்து கொடுக்கும் (விறைப்பில்லாத) தட்டைப் பாதம் உள்ள சிறு குழந்தைகளை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். சீர்திருத்த ஷூவும் இன்சோலும் போட்டவர்களுக்கும் சாதாரண ஷூ போட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 1992-இல் இந்திய மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 2,300 குழந்தைகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். மூடிய ஷூ போட்டு வளர்ந்தவர்களிடம்தான் தட்டைப் பாதம் அதிகம், வெறுங்காலோடு திரிந்தவர்களிடம் குறைவு. எனவே இன்சோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இடம் போதாத ஷூவுக்குள் இன்னொரு அடுக்கை வைத்தால் இன்னும் இறுகத்தான் செய்யும், இது உங்களுக்குத் தோன்றவில்லையா?

சுண்டுவிரல் மடங்கியிருப்பது பெரும்பாலும் குடும்ப வாகு. உங்கள் காலையும் அவன் அப்பாவின் காலையும் பாருங்கள். பிளாஸ்திரி போட்டு நிமிர்த்த முயல வேண்டாம். சிவப்புத் தடம், ஷூவைக் கழற்றிய கொஞ்ச நேரத்தில் மறைந்தால் ஒன்றுமில்லை. மறையாமல் நின்றாலோ, தோல் உரிந்தாலோ, அந்த ஷூ அவனுக்கு ஆகாது.

ஷூ வாங்கும் விஷயத்தில் நீங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான், அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டினீர்கள். ஐரோப்பிய எண்களில் ஒரு சைஸ் கூடினால் நீளம் ஏறக்குறைய 6.7 மில்லிமீட்டர் கூடும். இரண்டு சைஸ் என்றால் வழக்கமாக விட வேண்டிய இடத்துக்கு மேலே 13 மில்லிமீட்டர். ஷூ மடங்க வேண்டிய இடம் அவன் பாதம் மடங்கும் இடத்தைத் தாண்டி முன்னால் போய்விடும், குதிகால் கழன்று கழன்று வரும். பிறகு தடுக்காமல் என்ன செய்யும்?

மாலையில், நின்ற நிலையில், இரண்டு பாதத்தையும் அளவெடுங்கள். காகிதத்தில் நிற்க வைத்து, பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். பெரிய பாதத்துக்குத்தான் ஷூ. கடையில், கழற்ற முடிகிற உள்தகடாக இருந்தால் வெளியே எடுத்து அதன்மேல் அவனை நிற்க வையுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சதை தகட்டைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ குறுகல், எத்தனை அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். ஷூவுக்கு மேலிருந்து விரலை அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம், அமுக்கினால் குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும். 'இறுக்குதா கண்ணா' என்று கேட்டும் பயனில்லை. பாதம் அத்தனை மென்மையானது, இறுக்கினாலும் அழாமல் வளைந்து கொடுத்துவிடும்.

உங்கள் மகனுக்கு அகலத்தைவிட உயரம்தான் பிரச்சினை என்று நினைக்கிறேன். பட்டை ஒட்டவில்லை என்றால் பாதத்தின் மேல்பக்கம் உப்பலாக இருக்கிறது என்று பொருள். வாய் விரல்வரை அகலத் திறக்கும், பட்டை நீளமான ஷூவாகத் தேடுங்கள். பிரிட்டிஷ் அளவு முறையில் சில நிறுவனங்கள் குழந்தை ஷூக்களுக்கு எண்ணோடு எழுத்தும் தருகின்றன. எஃப் சராசரி, ஜி அகலம், எச் மிக அகலம். முன்பக்கம் விரல்களின் வடிவில் விரிந்திருக்கட்டும், கூராக வேண்டாம். கையில் பிடித்து வளைத்தால் விரல் பகுதியில் எளிதாக மடங்க வேண்டும், நடுவில் அல்ல. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்து பாருங்கள். வீட்டுக்குள் ஷூவே வேண்டாம், வெறுங்கால்தான் நல்லது.

அப்புறம், வியர்வையும் நாற்றமும். சிறு குழந்தைகளுக்குப் பாதம் வியர்க்கும். பருத்தி சாக்ஸ் போடுங்கள், தினமும் மாற்றுங்கள், ஷூவை இரவு முழுக்கத் திறந்து காய வையுங்கள். பவுடர் எதுவும் வேண்டாம்.